பேர் கூப்பிடுகிறவன்

என் மருந்துக் கடைக்கும் டாக்டரின் கிளினிக்குக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் என் அலமாரியில் டானிக் பாட்டில்கள் அதிரும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். இருமலுக்கே அப்படி என்றால் மைக்கின் தொண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிளினிக் கதவருகே நின்று நோயாளிகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி உள்ளே அனுப்புவதுதான் அவனுக்கு வேலை. அதனால் வந்த பட்டப்பெயர் அது. அவனுடைய சொந்தப் பேர் சம்பள நாளில் டாக்டருக்கு மட்டும் ஞாபகம் வரும்.

வேலை என்னவோ சின்னதுதான். அதை அவன் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். சீட்டு எழுதும்போதே, "வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்வான். ஊசிக்குப் பயந்து அம்மா மடியில் முகம் புதைத்திருக்கும் குழந்தையை அதன் செல்லப்பேரால், ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி இழுத்துக் கூப்பிடுவான். காது மந்தமான பெரியவருக்குப் பேரை இரண்டாக உடைத்துத் துண்டு துண்டாகப் போடுவான். நாலு பேருக்குத் தெரியக்கூடாத உபாதையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண் என்றால் சத்தமே போட மாட்டான். பக்கத்தில் போய்க் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வேறு எதையோ தேடுகிறவன் போல நிமிர்ந்து நடப்பான்.

யாராக இருந்தாலும் மூன்று தடவை. முதல் தடவை கதவருகில் இருந்து. இரண்டாவது தடவை நாலடி முன்னால் வந்து, பெஞ்சில் இருக்கிற முகங்களைப் பார்த்தபடி. அதற்கும் எழுந்திருக்கவில்லை என்றால் நேரே கிட்டே போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிடுவான். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்டால், "நோவுல இருக்கறவங்கண்ணே. மொத தடவ காதுலதான் விழும். ரெண்டாவது தடவதான், அட, நம்மளத்தான்னு உள்ள போகும்," என்பான்.

என் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவன் குடித்தனம். மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாள். சூட்டுத் தட்டு பட்டுப் பட்டு அவளுடைய முன்கைகளில் கோடு கோடாகத் தழும்பு. ஒரே மகள். குறைமாதத்தில் பிறந்தவள் என்பதால் மழைக்காலம் வந்தாலே மூச்சு இழுக்கும். அவளுக்கு இன்ஹேலர் தீர்ந்துபோகும் நாள் அவளைவிட எனக்குத்தான் சரியாகத் தெரியும். பதினேழு வயதிலும் கடைக்குள் வந்து என் நாற்காலியில் உரிமையாக உட்கார்ந்து, "மாமா, இந்த மாத்திரைக்கு ஏன் இவ்ளோ பெரிய அட்டை?" என்று வம்புக்கு இழுப்பாள்.

சாயங்காலம் மனைவி தொழிற்சாலையில் இருந்து ரொட்டியின் ஓரத் துண்டுகளைக் கொண்டுவருவாள். அதைக் கல்லில் வாட்டி டீயில் நனைத்துத் தின்பதுதான் அவர்களுக்கு அந்த நேரத்துச் சாப்பாடு. மைக் கிளினிக்கைப் பெருக்கிவிட்டு வந்து, இரும்புப் படிக்கட்டின் அடியில் நின்று மகளைக் கூப்பிடுவான். முதல் தடவைக்கு மேலே இருந்து ஒரு சத்தமும் வராது. வேண்டுமென்றே அப்படிச் செய்வாள். இரண்டாவது தடவை கூப்பிட்டதும், "வந்துட்டேன்ப்பா!" என்ற குரலும், படிகள் கடகடவென்று அதிர்வதும் சேர்ந்து கேட்கும். எனக்கு அதுதான் கடிகாரம். அதைக் கேட்டுத்தான் கடைக்குள் விளக்குப் போடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் போனில் அந்த ஃபில்டர் வந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்து உங்கள் பேரைச் சொன்னால், அந்தப் பேரின் மதிப்பு என்ன என்று அது சொல்லும். தங்கம், வெள்ளி, பித்தளை, தகரம் என்று நாலு தரம். தங்கம் என்றால் தலையில் கிரீடம் வந்து உட்காரும், காசு மழை கொட்டும். தகரம் என்றால் துருப்பிடித்த வாளி ஒன்று மேலேயிருந்து விழுந்து தலையைக் கவிழ்த்து மூடும், 'டங்' என்று. எந்த மகராசன் எங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ளவர்களின் பேர்களை எடை போட்டானோ தெரியாது. பெரிய மனிதர் சின்ன மனிதர் இல்லாமல் எல்லோரும் போனைப் பார்த்துத் தங்கள் பேரைத் தாங்களே சொல்லிக்கொண்டு அலைந்தார்கள். டாக்டருக்கு வெள்ளி வந்தது. இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் பித்தளை. வீட்டில் வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மைக்கின் மகளுக்குத் தகரம்.

அந்தப் பேரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பழைய காலத்துப் பேர், கொஞ்சம் நீளம், அவ்வளவு போதும். சொன்னால் நீங்களும் அதை அந்தக் குரலில்தான் படிப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது டிபன் பாக்ஸ் மூடியை பெஞ்சில் தட்டினார்களாம், 'டங்' என்று. முதல் நாள் அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நாலாம் நாள் மழையில் நனைந்துகொண்டு நேரே கிளினிக்குக்கு வந்தாள். அடை மழை, நோயாளிகள் யாரும் இல்லை. நானும் மைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து வாசல்படியில் தேங்கிய தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஏம்ப்பா எனக்கு இந்தப் பேர வெச்சீங்க?"

"ஏன், பேருக்கு என்ன கொறச்சல்?"

விஷயத்தைச் சொல்லி போனைக் காட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ சொன்ன லட்சணம் அப்படி. வாய்க்குள்ளயே முணுமுணுத்தா அதுக்கு என்னம்மா கேக்கும்? எந்தப் பேரையும் கூப்பிடற மாதிரி கூப்பிடணும். குடு இங்க."

"ஐயோ, அது அப்படியெல்லாம் இல்லப்பா. மாமா, நீங்க சொல்லுங்க."

"குடும்மா. இருபது வருஷமா நான் வேற என்ன வேல பாக்கறேன்?"

எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவன் எழுந்து போய்க் கதவருகே, தன் வழக்கமான இடத்தில் நின்றான். போனை முகத்துக்கு நேரே பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மகளின் பேரைக் கூப்பிட்டான். நான் அவன் கூப்பிட்டு எத்தனையோ பேர்களைக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவளைப் பெற்றது, வளர்த்தது, ராத்திரி ராத்திரியாக முதுகைத் தடவிவிட்டது எல்லாம் அதில் இருந்தது. வாளி விழுந்தது. 'டங்'.

"இன்னொரு தடவ," என்றான். நாலடி முன்னால் வந்து நின்று, திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தபடி மறுபடி கூப்பிட்டான். 'டங்'.

மூன்றாவது தடவை, பேரைச் சொல்லிக்கொண்டே, பெஞ்சில் தூங்கிவிட்ட நோயாளியின் தோளைத் தொடுவது போல, திரையைப் பதமாகத் தொட்டான். வேறு யாருக்கும் அப்படித் தொடத் தோன்றியிருக்காது. அவன் தொட்ட இடத்தில்தான், அதுவரை பதிவான வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்புகிற பொத்தான் இருந்தது.

"அப்பா! அத ஏன் தொட்டீங்க?" என்று பாய்ந்து பிடுங்கினாள். அழித்தும் விட்டாள். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் அவள் கூடப் படிக்கிற எவனோ எடுத்து வைத்துக்கொண்டுவிட்டான்.

வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடிக் கத்துகிற மனிதனைப் பார்த்து ஊர் சிரித்தது. பிறகு ஊர் தாண்டிச் சிரித்தது. அப்புறம் அவன் முகம் போய்விட்டது, குரல் மட்டும் தனியாகக் கழன்று திரிந்தது. மதிலில் இருந்து ஆடு விழுகிற வீடியோ என்றால் அந்தக் குரல். சேற்றில் எவனாவது வழுக்கினால் அந்தக் குரல். மேடையில் ஒருத்தி தட்டோடு சாய்ந்தால், கூரையில் இருந்து பூனை நழுவினால், எங்கே எது விழுந்தாலும் மைக் தன் மகளை உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என் கடைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்தவர்களின் பையில் இருந்தெல்லாம் அவள் பேர் கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒருவனை வெளியே போடா என்று விரட்டினேன். அவன் போகும்போது அதே மாதிரி கூப்பிட்டுவிட்டுப் போனான்.

அவள் பள்ளிக்கூடத்துக்குத் தலைகுனிந்து போய் வந்தாள். கடைக்குள் வருவதை விட்டாள். இன்ஹேலரை அம்மாதான் வந்து வாங்கிப் போனாள். இரும்புப் படிக்கட்டின் அடியில் மைக் நின்று கூப்பிட்டபோது முதல் தடவைக்கு வராதது போலவே இரண்டாவது தடவைக்கும் அவள் வரவில்லை. மேலே ஜன்னல் சாத்துகிற சத்தம்தான் கேட்டது. மறுநாளில் இருந்து அவன் கூப்பிடுவதில்லை. கிளினிக் சாவியால் படிக்கட்டுக் கம்பியை ஒரு தட்டுத் தட்டுவான். அது என்ன சத்தம் போடும் என்று அந்தப் பாவிக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் கழித்து அவள் அழுதுகொண்டே கீழே வந்து, "அதையும் பண்ணாதீங்கப்பா," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அதன் பிறகு படிக்கட்டில் சத்தமே இல்லை. நான் சில நாள் விளக்குப் போட மறந்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மழை ஓய்ந்த சமயத்தில் ஒருநாள் அவன் மனைவி என்னை மேலே கூப்பிட்டனுப்பினாள். பேச்சுவார்த்தைக்குப் பெரிய மனிதன் வேண்டுமாம். தட்டில் ரொட்டி ஓரங்கள் வாட்டி வைத்திருந்தன, யாரும் தொடவில்லை. மகள் பேரை மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். வெளியூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே போகும்போது புதுப் பேரோடு போக வேண்டும். பதினெட்டு ஆகாததால் அப்பன் கையெழுத்து வேண்டும்.

"நீங்களே கேளுங்கண்ணே," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் எங்கிட்டயே சொல்றாங்க. நான் என்ன நடுவுல தபால்காரியா?"

"என்ன பேரும்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். சின்னதாக, வழவழப்பாக இருந்தது. தெருவுக்கு நாலு பெண்களுக்கு இருக்கிற பேர்தான்.

"யாரு பாத்து வெச்ச பேரு அது?" என்றான் மைக், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நானே பாத்தேன். தங்கம்னு வந்துச்சு."

"ஓ. அது சொன்னா சரி."

"அது சொல்றதுக்காக இல்லப்பா. அந்தப் பழைய பேரு இப்ப என்னோடதே இல்ல. எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. தெருவுல யாராவது அந்தப் பேரச் சொன்னா என்னத்தான் கூப்பிடறாங்கன்னு நான் பாக்கறதில்ல, எது கீழ விழுந்துச்சுன்னுதான் பாக்கறேன்."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு தெரியுமில்லடி உனக்கு? உள்ளங்கை அளவுகூட இல்ல நீ. கண்ணாடிப் பொட்டிக்குள்ள குழாயோட கெடந்த. பொழச்சா பாக்கலாம், இப்ப பேரு கீரு வெச்சுடாதீங்க, வெச்சுட்டா அப்புறம் மனசு விடாதுன்னு ஆஸ்பத்திரில எல்லாருமே சொன்னாங்க. உங்கப்பாதான் கேக்கல. கண்ணாடிக்கு வெளிய நின்னுக்கிட்டு, நர்சுங்க திட்டத் திட்டக் கூப்பிட்டாரு. மொத தடவ நீ அசையவே இல்ல. ரெண்டாவது தடவ கூப்பிட்டதும்..."

"கால் வெரல மடக்கினேன். தெரியும்மா. எத்தன தடவ சொல்லுவீங்க?"

படிக்கட்டு விளையாட்டு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை.

அவள் குரல் இறங்கியது. "அப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் மட்டும்தாம்ப்பா இருந்தேன். இப்ப எல்லாரும் இருக்காங்க."

பெரிய மனிதனாகப் போனவன் ஆறிய டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மைக் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்தான், திரையைத் தொட்ட கை. பிறகு, "எங்க போடணும்?" என்று கேட்டு, அவள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

"பழகிக்கறேம்மா," என்றான். "இனிமே வாய் தவறிக்கூட அதச் சொல்ல மாட்டேன். புதுப் பேரச் சொல்லியே கூப்பிடறேன்." அன்றிலிருந்து அவன் பெருக்கும்போதும் சீட்டு எழுதும்போதும் அந்தப் புதுப் பேரை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். வாய்க்குப் பொருந்தாத பல்செட்டைப் போட்டுப் பழகுகிறவன் மாதிரி இருக்கும்.

கிளினிக்கிலும் நிலைமை மோசமாகிக்கொண்டுதான் வந்தது. அவன் கதவருகே வந்து நின்றாலே பெஞ்சில் சிரிப்பு. யார் பேரைக் கூப்பிட்டாலும் பின்னால் இருந்து ஒருவர், "டங்," என்பார். வலியோடு வந்தவர்கள் எழுந்திருக்கக் கூச்சப்பட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். "தப்பா எடுத்துக்காதப்பா, கொஞ்ச நாளைக்கு," என்று சொல்லி, சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டுகிற பலகை ஒன்றை மாட்டினார். ஒவ்வொரு நம்பருக்கும் அது குருவி மாதிரி ஒரு 'கீச்'. மைக்குக்கு ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிற வேலை. சீட்டில் பேர் எழுதும் இடத்தில் நம்பர் எழுதினான். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் என் பாட்டில்கள் அசையாமல் நின்றன.

அவள் ஊருக்குப் போகிற நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா காலை ஷிஃப்டுக்குப் போகும் முன்னால் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அப்பாவிடம் அவள், "நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வராதீங்கப்பா. உங்கள எல்லாருக்கும் தெரியும்," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். அவன் தலையாட்டினான். நான் அவளை அழைத்துப் போனேன். கடை வாசலில் அவள் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புகிற அவசரத்தில், மேஜை மேல் நான் எடுத்து வைத்த இன்ஹேலரை அவளும் எடுக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சந்தைக் கூட்டம். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, "போய்ச் சேந்ததும் போன் பண்ணும்மா," என்றேன். "சரி மாமா," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோடியில் நின்ற பஸ்ஸை நோக்கிப் போனாள். நான் வாசல் பக்கம் திரும்பினால், மைக் மூச்சிரைக்க ஓடி வருகிறான். கையில் இன்ஹேலர்.

"எங்கண்ணே?"

கையைக் காட்டினேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே அத்தனை தலைகள், மூட்டைகள், ஹார்ன் சத்தம். அவள் பஸ்ஸை நெருங்கிவிட்டாள். நான் பையில் போனைத் தேடினேன். அதற்குள் அவன் கூப்பிட்டுவிட்டான். யோசித்துக் கூப்பிடவில்லை. பழைய பேர்தான் வந்தது, அதே தொண்டையில், அதே இழுப்பில்.

பஸ் ஸ்டாண்டே ஒரு நொடி நின்றுவிட்டுச் சிரித்தது. "டேய், அவருடா!" என்று ஒருவன் கத்தினான். நாலா பக்கமும் அந்தப் பேரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவன், டீ ஆற்றிக்கொண்டிருந்தவன், ஜன்னலில் தலை நீட்டிய பெண்கள், எல்லோரும். போன்கள் உயர்ந்தன. தூரத்தில் அவள் நடை நின்றது எனக்குத் தெரிந்தது. பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். திரும்பவில்லை.

மைக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததைச் சொல்லிவிட்டான். நாலடி முன்னால் வந்தான். எல்லோரும் பார்க்க, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, இரண்டாவது தடவை கூப்பிட்டான். புதுப் பேரை.

டிக்கெட் கவுன்டர் வரிசையில் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பழக்கடைப் பக்கம் இன்னொருத்தி திரும்பினாள். அவள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டாள். மூன்றாவது தடவைக்கு அவன் கூப்பிடவில்லை, கிட்டே போக ஓடினான். போன்களை நீட்டிக்கொண்டு சூழ்ந்த கூட்டம் வழிவிடவில்லை. பஸ் நகர்ந்து திரும்பி வெளியே போனது.

எனக்கு அப்போதுதான் அவள் லைன் கிடைத்தது. ஒதுங்கிப் போய், காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு பேசினேன். "இன்ஹேலர விட்டுட்டுப் போயிட்டியேம்மா."

"ஒண்ணு பழசு பையில இருக்கு மாமா. போய் அங்க புதுசு வாங்கிக்கறேன்." பஸ்ஸின் இரைச்சலுக்குள் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு, "அப்பா கூப்பிட்டது கேட்டுச்சு மாமா," என்றாள். "மொத தடவைக்கு நான் எப்பவும் திரும்ப மாட்டேன்ல. எல்லாரும் கத்தினாங்க. பரவால்ல, இன்னொரு தடவ அப்பா கூப்பிட்டா திரும்பிடணும்னு நின்னேன். என்ன ஆனாலும் திரும்பிடணும்னு. அவரு கூப்பிடவே இல்ல. வேற யாரோ, வேற யாரையோ கூப்பிட்டாங்க."

மேடு வந்ததோ என்னவோ, லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மைக் சிமென்ட் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். இன்ஹேலரின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"என்னண்ணே சொன்னா?"

"கைல ஒண்ணு இருக்காம். அங்க போயி வாங்கிக்கறாளாம்."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சாமா?"

உண்மையைச் சொல்வதா? சொன்னால் இவன் மிச்சமிருக்கிற நாளை எப்படிக் கழிப்பான்? "எங்கப்பா," என்றேன், "இந்த இரைச்சல்ல எதுவுமே காதுல விழலையாம்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அதானே பாத்தேன்," என்றான். "விழுந்திருந்தா ரெண்டாவது தடவைக்குத் திரும்பியிருப்பா."